குத்துற ஊசி தினமும் உண்டு, காக்குற ஊசி எங்கே? 3-வது தவணையில் கைவிடப்படும் ஒப்பந்த தூய்மைப் பணியாளர்கள்

சென்னை,

காலை 6 மணி. தெருமுனையில் பேட்டரி வண்டி வந்து நிற்கிறது. விசில் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு பக்கெட்டை தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சிலர் கேரி பேக்கில் முடிச்சு போட்டு வண்டிக்குள் வீசிவிட்டு போய் விடுகிறார்கள். முடிச்சுக்குள் என்ன இருக்கிறது என்பது, கையை விட்டு பிரிக்கும் தொழிலாளிக்குத்தான் தெரியும். மீன் முள் இருக்கும். உடைந்த டியூப் லைட் இருக்கும். குழந்தையின் டயாபர் இருக்கும். சர்க்கரை நோயாளி போட்டு முடித்த இன்சுலின் ஊசியும் இருக்கும்.

சுருக்கென்று குத்தும். எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும். தண்ணீரை ஊற்றி கழுவிவிட்டு அடுத்த வீட்டுக்கு போக வேண்டியதுதான். "மேஸ்திரி, ஊசி குத்திடுச்சு" என்று சொன்னால், "ஒரு டி.டி. ஊசி போட்டுக்க, சரியாயிடும்" என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும்.

ஆனால் விஷயம் அங்கே முடிவதில்லை. டி.டி. ஊசி காப்பது ரண ஜன்னியில் இருந்து மட்டும்தான். குப்பையில் கிடக்கும் பழைய ஊசி கொண்டுவரும் பெரிய ஆபத்து வேறு. அதன் பெயர் ஹெபடைட்டிஸ் பி. ஊர் வழக்கில் 'பி' ரக மஞ்சள் காமாலை.

7 நாள் உயிரோடு இருக்கும் கிருமி

எச்.ஐ.வி. என்றால் எல்லோருக்கும் பயம். ஹெபடைட்டிஸ் பி என்றால் "காமாலைதானே, கீழாநெல்லி சாப்பிட்டா போயிடும்" என்று ஒரு அலட்சியம். கணக்கை பார்த்தால் நிலைமை தலைகீழ்.

நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி ஒருவருக்கு குத்தினால் எச்.ஐ.வி. தொற்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் 3. ஹெபடைட்டிஸ் சி என்றால் நூறில் 2 அல்லது 3. ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூறில் 30 வரை போகும். இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாட்கள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. திங்கட்கிழமை குப்பையில் போட்ட ஊசி சனிக்கிழமை குத்தினாலும் ஆபத்து மிச்சம் இருக்கிறது.

பெரியவர்களுக்கு இது வந்தால் பெரும்பாலும் உடம்பே சமாளித்து விரட்டிவிடும். ஒரு சிலருக்கு மட்டும் ஈரலில் நிரந்தரமாக தங்கிவிடுகிறது. பல வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு ஈரல் சுருங்கும், சிலருக்கு ஈரல் புற்றுநோய் வரும். அப்போது அந்த மனிதர் குப்பை வேலையை விட்டே போய் 10 வருடம் ஆகி இருக்கலாம். எந்த தெருவில், எந்த கேரி பேக்கில் இருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும்?

இந்த மூன்று கிருமிகளில் எச்.ஐ.வி.க்கும் தடுப்பூசி இல்லை, சி ரக காமாலைக்கும் தடுப்பூசி இல்லை. மூன்றிலும் வேகமாக தொற்றக்கூடிய பி ரகத்துக்கு மட்டும் நல்ல தடுப்பூசி இருக்கிறது. அதுதான் போடப்படாமல் கிடக்கிறது என்பது வேதனை.

ஊசி கிடைக்காத ஊசியும் இல்லை. 1997-ம் ஆண்டிலேயே ஐதராபாத்தை சேர்ந்த சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இதை இந்தியாவிலேயே தயாரித்து விற்பனைக்கு கொண்டுவந்தது. அதன் பிறகு வெளிநாட்டு மருந்துக்கு கொடுத்த விலை பல மடங்கு இறங்கியது. குழந்தைகளுக்கான அரசு தடுப்பூசி திட்டத்தில் 2002-ல் சில இடங்களில் தொடங்கி, 2011-ல் நாடு முழுவதும் சேர்க்கப்பட்டது. அதாவது இன்று பிறக்கும் குழந்தைக்கு இந்த ஊசி உண்டு. குப்பை வண்டி தள்ளும் 35 வயது, 45 வயது தொழிலாளிக்கு சின்ன வயதில் இது கிடைத்திருக்க வழியே இல்லை. யாராவது இப்போது போட்டால்தான் உண்டு.

ஆஸ்பத்திரிக்கு சட்டம், தெருவுக்கு கையுறை

சட்டம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ல் வந்தன. அதில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு நேரடியாகவே கடமை சொல்லப்பட்டு இருக்கிறது. டாக்டர், நர்சு மட்டும் அல்ல. மருத்துவக் கழிவை கையால் தொடும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைட்டிஸ் பி, ரண ஜன்னி தடுப்பூசிகள் போட வேண்டும். வேலையில் சேரும்போது உடல் பரிசோதனை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனை நடத்த வேண்டும். ஆஸ்பத்திரி கழிவை வாங்கிப் போய் எரிக்கும் மையங்களுக்கும் இதே கடமை உண்டு.

ஆக, ஆஸ்பத்திரி வார்டில் மஞ்சள் பையை தூக்கும் அக்காவுக்கு சட்டப்படி தடுப்பூசி உரிமை. நல்லது.

அதே ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்த நோயாளி, வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். படுத்த படுக்கையான பெரியவருக்கு வீட்டுக்கே நர்சு வந்து ஊசி போடுகிறார். அந்த ஊசி எங்கே போகிறது? வீட்டுக் குப்பைக்கு. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் அதற்கு கொடுத்த பெயர் 'வீட்டு அபாயக் கழிவு'. பெயின்ட் டப்பா, பழைய பேட்டரி, காலாவதி மாத்திரை ஆகியவற்றோடு ஊசி, சிரிஞ்சும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்தக் குப்பையை அள்ளுகிறவருக்கு விதி என்ன கேட்டது? சீருடை, ஒளிரும் மேல்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம். தடுப்பூசி என்ற வார்த்தையை ஆஸ்பத்திரி விதியில் எழுதியவர்கள் தெரு விதியில் எழுதவில்லை.

ஒரே ஊசி. ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்ளே குத்தினால் தடுப்பூசி போட்ட கை. கேட்டுக்கு வெளியே குத்தினால் ரப்பர் கையுறை போட்ட கை. ரப்பர் கையுறை ஈரத்தை தடுக்கும், நாற்றத்தை தடுக்கும். ஊசி முனையை தடுக்காது என்பது அதை மாட்டியிருப்பவருக்கே தெரியும். வெயில் காலத்தில் கை வெந்துபோகிறது என்று பாதி நேரம் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்பது தனிக்கதை.

முகாம் ஒரு நாள், ஊசி ஆறு மாதம்

மாநகராட்சிகள், நகராட்சிகள் தூய்மைப் பணியாளர்களுக்கு மருத்துவ முகாம் நடத்துவது உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார்கள். சில முகாம்களில் தடுப்பூசியும் போடுவார்கள். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும்.

சிக்கல் என்னவென்றால், ஹெபடைட்டிஸ் பி ஒரே ஊசியில் முடிகிற சமாச்சாரம் இல்லை. முதல் ஊசி போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது. முதல் ஊசியில் இருந்து 6-வது மாதம் மூன்றாவது. மூன்றும் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு. ஆரோக்கியமான பெரியவர்களில் 10 பேருக்கு 9 பேருக்கு மேல் இதில் நல்ல எதிர்ப்பு சக்தி வந்துவிடுகிறது. வயது கூடினால், சிகரெட், சர்க்கரை நோய் இருந்தால் கொஞ்சம் குறையும். கடைசி ஊசி போட்டு ஒன்று, இரண்டு மாதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் சக்தி வந்ததா, இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஒரு நாள் முகாமில் ஒரு ஊசிதான் போட முடியும். இரண்டாவது ஊசிக்கு யார் கூப்பிடுவது? மூன்றாவதுக்கு?

இங்கேதான் ஒப்பந்த முறை வந்து குறுக்கே நிற்கிறது. நிரந்தர ஊழியராக இருந்தால் ஆறு மாதம் கழித்தும் அதே வார்டு, அதே மஸ்டர், அதே மேற்பார்வையாளர். தேடிப் பிடித்துவிடலாம். ஒப்பந்தத் தொழிலாளியின் கதை அப்படி இல்லை. இந்த மாதம் ஒரு வார்டு, அடுத்த மாதம் வேறு வார்டு. டெண்டர் முடிந்தால் புதுக் கம்பெனி, புது அடையாள அட்டை. சம்பளம் தாமதமானால் பாதிப் பேர் கட்டிட வேலைக்கு போய்விடுவார்கள். பிறகு திரும்பி வருவார்கள். ஊசி போட்ட விவரம் எழுதிய பேப்பர் பழைய கம்பெனி பைலில் இருக்கும். புதுக் கம்பெனிக்கு அது தெரியாது. தொழிலாளி கையில் எதுவும் இருக்காது.

கம்பெனி பக்கமும் ஒரு கணக்கு ஓடும். ஆறு மாதத்தில் போய்விடப் போகிற ஆளுக்கு எதற்கு மூன்று ஊசி செலவு என்ற கணக்கு அது. மாநகராட்சியை கேட்டால் "ஒப்பந்ததாரர் பொறுப்பு" என்று சொல்லலாம். ஒப்பந்ததாரரை கேட்டால் "டெண்டரில் அதுக்கு காசு போடலையே" என்று சொல்லலாம். இரண்டு பேர் சொல்வதும் காகிதப்படி சரியாகவே இருக்கும். ஊசி குத்துவது மட்டும் மூன்றாவது ஆளுக்கு. அரசு ஆஸ்பத்திரிகளில்கூட துப்புரவு வேலை ஒப்பந்த நிறுவனங்களிடம் போய்விட்ட காலம் இது. 2016 விதிகள் பொறுப்பை ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் தலையில்தான் வைத்திருக்கின்றன. ஆனால் ஆளை அனுப்புவது வேறு நிறுவனம் என்னும்போது ஊசி அட்டையை யார் கேட்பது என்ற கேள்வி அங்கேயும் எழுகிறது.

சென்னையில் 5, 6-வது மண்டல தூய்மைப் பணிகளை தனியாரிடம் விட்டதை எதிர்த்து 2025 ஆகஸ்டு மாதம் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் போராட்டம் நடந்தது நினைவிருக்கும். நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மறுநாளே தமிழக அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவச காலை உணவு, பணியின்போது இறந்தால் காப்பீடு, தொழில் சார்ந்த நோய்களை கண்டறிந்து சிகிச்சை அளிக்க தனித் திட்டம் என்று சில அறிவிப்புகளை வெளியிட்டது. அந்தப் போராட்டத்தில் பேசப்பட்டது பணி நிரந்தரமும் சம்பளமும். ஆனால் மூன்றாவது ஊசி கிடைக்குமா, கிடைக்காதா என்பதும் பணி நிரந்தரத்தில்தான் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. 'நோயை கண்டறிந்து சிகிச்சை' என்ற வாசகத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நோய் வந்த பிறகு கண்டறிவது ஒன்று. வராமல் தடுப்பது வேறு.

2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இதே குறைதான். 40 வயதை தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இலவச உடல் பரிசோதனை என்று மத்திய அரசு பெருமையாக அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பரிசோதனை தடுப்பூசி ஆகாது.

கொரோனா நேரத்தில் எப்படி முடிந்தது?

"இத்தனை லட்சம் பேரை தேடிப் பிடிச்சு போடுறது நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு பதில் ரொம்ப தூரத்தில் இல்லை. 2021 ஜனவரி 16-ந் தேதி இந்தியாவில் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது முதல் ஊசி போட்டுக்கொண்டவர் ஒரு மந்திரியோ, பெரிய டாக்டரோ அல்ல. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் தூய்மைப் பணியாளர். அடுத்த மாதமே முன்களப் பணியாளர்கள் வரிசையில் உள்ளாட்சி தூய்மைப் பணியாளர்களுக்கு போடப்பட்டது. ஏப்ரல் 11 முதல் 100 பேர் அளவுக்கு தகுதியானவர்கள் வேலை பார்க்கும் இடங்களுக்கே போய் ஊசி போடவும் அனுமதி கொடுத்தார்கள்.

நிரந்தரமா, ஒப்பந்தமா என்று அப்போது யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. காரணம் எளிது. கொரோனா தொழிலாளியிடம் இருந்து மேலே உள்ளவர்களுக்கும் தொற்றும். ஹெபடைட்டிஸ் பி அப்படி இல்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டால் பரவாது, கை குலுக்கினால் பரவாது. குத்திய ஆளோடு, அதிகம் போனால் அவர் மனைவி, பிள்ளையோடு நின்றுவிடும். அதனால் ஆபீசர்களுக்கு அவசரம் இல்லை.

கொரோனா ஊசியில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. ஊசி போட்ட சான்றிதழ் கம்பெனி பீரோவில் இல்லை, போட்டுக்கொண்டவரின் போனிலேயே இருந்தது. கம்பெனி மாறினாலும், ஊர் மாறினாலும் சான்றிதழ் கூடவே வந்தது. இரண்டாவது தவணை தேதியும் அதே போனில் தெரிந்தது. ஹெபடைட்டிஸ் பி-க்கும் இதேபோல செய்ய புதிதாக எந்த ராக்கெட்டும் விட வேண்டியது இல்லை. ஆள் பெயரில் பதிவு, ஆள் கையில் அட்டை, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அடுத்த ஊசி. இவ்வளவுதான். மத்திய அரசு 2018 ஜூலை 28-ந் தேதி தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டு திட்டத்தில் இலவச பரிசோதனை, சிகிச்சையுடன் சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்த தடுப்பூசியும் சேர்க்கப்பட்டு உள்ளது. அந்த 'சுகாதாரப் பணியாளர்' என்ற சொல்லுக்குள் தெருவில் குப்பை அள்ளுகிறவரையும் கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

"டெஸ்ட் பண்ணா வேலை போயிடும்"

தொழிலாளர் பக்கமும் தயக்கம் இருக்கிறது. அதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஊசி போட்டால் கை வலிக்கும், சிலருக்கு லேசாக காய்ச்சல் வரும். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அந்த நாளுக்கு சம்பளம் தருவதாக சொல்லிப் பார்க்கட்டும், தயக்கம் பாதியாக குறையும்.

பெரிய பயம் வேறு. தடுப்பூசிக்கு முன்பு ரத்தம் எடுத்து பார்க்கிறார்கள். ஏற்கனவே கிருமி இருந்தால் ஊசி பலன் தராது, சிகிச்சைதான் தேவை என்பதால் பார்ப்பது நியாயம். ஆனால் அந்த ரிசல்ட் மேனேஜர் மேஜைக்கு போனால்? "உனக்கு நோய் இருக்கு, நாளையில இருந்து வராதே" என்று சொல்லிவிட்டால்? எச்.ஐ.வி. விஷயத்தில் 2017-ல் தனிச் சட்டம் வந்து, வேலைக்கு நிபந்தனையாக அந்தப் பரிசோதனையை கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஹெபடைட்டிஸ் பி-க்கு அப்படி தனிச் சட்டம் எதுவும் இல்லை. ரிசல்ட் டாக்டருக்கும் தொழிலாளிக்கும் மட்டும் என்று எழுத்தில் உறுதி தராமல் ரத்தம் கேட்டால், கையை நீட்ட யோசிக்கத்தான் செய்வார்கள்.

கட்டாயப்படுத்தலாமா என்றால் அதுவும் சுலபம் இல்லை. யாரையும் வலுக்கட்டாயமாக தடுப்பூசி போட வைக்க முடியாது என்று கொரோனா ஊசி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2022 மே 2-ந் தேதி தீர்ப்பு கூறியது. ஆகவே கட்டாயம் இருக்க வேண்டியது முதலாளி பக்கம்தான். அவர் ஊசியை இலவசமாக, வேலை நேரத்தில், மூன்று தவணையும் கொடுத்தே ஆக வேண்டும். போட்டுக்கொள்வது தொழிலாளியின் விருப்பம்.

இழப்பீடு விஷயத்துக்கு வந்தாலும் இந்த அட்டைதான் கை கொடுக்கும். தொற்று அபாயம் உள்ள வேலையில் வரும் தொற்று நோய்க்கு, தொழில்சார் நோய்கள் பட்டியலில் இடம் உண்டு. ஆனால் வேலையில்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டும். சேரும்போது கிருமி இல்லை என்ற ஒரு ரிப்போர்ட், ஊசி குத்திய தேதியை எழுதிய ஒரு வரி, இரண்டும் இருந்தால் வழக்கு நிற்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 2016 மருத்துவக் கழிவு விதிகளில் 'பெரிய விபத்து' என்பதற்கு விளக்கம் கொடுக்கும்போது, ஊசி குத்தும் காயம் அதில் சேராது என்று வெளிப்படையாகவே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கழிவு லாரி கவிழ்ந்தால் பெரிய விபத்து. கையில் ஊசி ஏறினால் அது சின்ன விஷயம்.

குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு கழுவ வேண்டும். விரலை வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. அழுத்திப் பிழியக் கூடாது. சுண்ணாம்பு, பெட்ரோல் எதுவும் தடவக் கூடாது. மேற்பார்வையாளரிடம் சொல்லி தேதி, நேரம், தெருவை எழுதி வைக்க வேண்டும். அவர் எழுதாவிட்டால் தன் போனிலாவது ஒரு மெசேஜ் அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது.

அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு போய்விட வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்று டாக்டர் முடிவு செய்தால், இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தை தாண்டினால் பலன் இல்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இதுவரை போடாதவர் என்றால் ஊசியோடு, உடனடி எதிர்ப்பு சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போடுவார்கள். அது 24 மணி நேரத்துக்குள் என்றால் நல்லது. 'சாயங்காலம் டூட்டி முடிச்சிட்டு பார்த்துக்கலாம், ஞாயித்துக்கிழமை போகலாம்' என்று தள்ளிப் போடுவதில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள்.

வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊசியை கேரி பேக்கில் போடாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, மூடியை இறுக்கி, மேலே 'ஊசி' என்று எழுதி தனியாக கையில் கொடுத்தால் போதும். காலி பினாயில் பாட்டில்கூட ஆகும். செலவு ஒரு பைசா இல்லை.

ஏற்கனவே ஒரு ஊசி, இரண்டு ஊசி போட்டு நின்று போனவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். "வருஷம் ரெண்டாச்சே, இனிமே முதல்ல இருந்து போடணுமா?" என்று கேட்கிறார்கள். தேவை இல்லை. விட்ட இடத்தில் இருந்து தொடரலாம், எத்தனை மாதம் தள்ளிப் போயிருந்தாலும் சரி. ஆனால் முன்பு போட்டதற்கு ஏதாவது எழுத்து இருக்க வேண்டும். அட்டையும் இல்லை, கம்பெனியும் இல்லை என்றால் போடாத கணக்குதான். மறுபடி முதல் ஊசியில் இருந்து தொடங்குவார்கள். கூடுதலாக ஒன்றிரண்டு ஊசி ஏறினாலும் உடம்புக்கு கெடுதல் இல்லை. இந்த முறை அட்டையை மேஸ்திரியிடம் கொடுக்காமல், ரேஷன் கார்டு இருக்கும் கவரில் வைத்துக்கொள்ள வேண்டும்.